கப்பலேறிப்போன அயர்லாந்துக்காரர்களின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்த நாள். முதல் ஆளாகப் பதிவேட்டில் ஏறியவள் ஆனி மூர், அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண். ஆன்டனி, ஃபிலிப் என்ற இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு 'நெவாடா' கப்பலில் வந்தாள். அப்பாவும் அம்மாவும் முன்பே நியூயார்க் போயிருந்தார்கள். அதிகாரிகள் அவள் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்து வரவேற்றார்கள். அவளுக்கு வயது 17. பத்திரிகைகள் 15 என்று எழுதின.

பிறகு அவள் என்ன ஆனாள்? டெக்சாஸ் பக்கம் போனாள், அங்கே 1923இல் டிராம் மோதி இறந்துவிட்டாள் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். 2006இல் மரபுவழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலன்யாக் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மூர் அயர்லாந்தில் பிறந்தவரே இல்லை, இலினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிந்தது. பெயர் ஒன்று, ஆள் வேறு. நிஜமான ஆனி நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியிலேயே வாழ்ந்து, கல்யாணம் செய்து, பதினோரு பிள்ளையாவது பெற்று, அதில் பாதிக்கு மேல் பறிகொடுத்து, 1924இல் 50 வயதில் இறந்திருந்தாள். குவீன்ஸ் பகுதியின் கல்வாரி கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தாள்.

அவளைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய ஆவணம் இல்லை, தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழ். அதைப் பிடித்துக்கொண்டு 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஃபிலிப்பின் வீட்டைக் கண்டார்கள். அங்கே அன்னா என்று ஒரு மகள். அந்த மகளின் புகுந்த வீட்டுப் பெயர் கிடைத்தது. அதன் வழியே இன்று உயிரோடிருக்கும் வாரிசு வரை வந்துவிட்டார்கள்.

அயர்லாந்து வம்சாவளி தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பெயர் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக்கூடாது. கூடப் பிறந்தவர்களையும் கூட வந்தவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதில்தான் வந்து நிற்கும்.

கடலைத் தாண்டுவதற்கு முன்னால்

பெரும்பாலோர் முதல் நாளே அயர்லாந்துத் தளங்களைத் திறந்து 'பேட்ரிக் மர்ஃபி' என்று தட்டுகிறார்கள். மர்ஃபி அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர். பேட்ரிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூற்றுக்கணக்கில் வந்து விழும். அதில் வயது ஒத்துவரும் ஒருவரைத் தன் கொள்ளுத்தாத்தா என்று எழுதிக்கொண்டு, பிறகு வருடக்கணக்கில் யாரோ ஒருவரின் குடும்ப மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

அயர்லாந்து ஆவணங்கள் ஆள் பெயரைவிட ஊர்ப் பெயரைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. தீவு முழுவதும் 32 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். அவற்றுக்குள் சிவில் பாரிஷ் எனப்படும் நிர்வாகப் பிரிவுகள், ஏறக்குறைய 2,500. அதற்குள் டவுன்லேண்ட் எனப்படும் மிகச் சின்ன அலகு, 60,000க்கும் மேல். ஒரு டவுன்லேண்டில் சில வேளை நாலைந்து வீடுகள்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த டவுன்லேண்டின் பெயர், குறைந்தபட்சம் பாரிஷின் பெயர். அதைச் சொல்லும் தாள் அயர்லாந்தில் கிடைப்பதைவிட அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும். அது கையில் வரும் வரை கடல் தாண்டாதீர்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய பைபிளின் முதல் பக்கம், கடித உறை, இறந்தவர் நினைவாக அச்சிட்ட சின்ன ஜெப அட்டை, கல்லறைக் கல்லின் படம், எல்லாவற்றையும் பாருங்கள். அயர்லாந்துக்காரர்கள் கல்லறைக் கல்லில் சொந்தக் கவுண்டியையும், சில வேளை பாரிஷையும் சேர்த்தே பொறித்தார்கள்.

போய்ச் சேர்ந்த நாட்டின் ஆவணங்கள்

அமெரிக்கா என்றால் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். 1850 முதல் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் இருக்கும். 1880 முதல் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் இருக்கும். 1900 கணக்கெடுப்பில், பிறந்த மாதமும் நாட்டுக்கு வந்த ஆண்டும் சேரும். 1890 கணக்கெடுப்பு 1921இல் நடந்த தீ விபத்தோடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டுமே இருக்கும். மனம் தளர வேண்டாம், கணக்கெடுப்பிலிருந்து உங்களுக்கு வேண்டியது வந்த ஆண்டும் குடும்பத்தின் வடிவமும்தான்.

குடியுரிமைப் பத்திரங்களை 1906 செப்டம்பருக்கு முன், பின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்துக்குப் பிறகு படிவம் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆனது. பிறந்த ஊர், தேதி, கப்பல் பெயர் எல்லாம் அதில் வரும். அதற்கு முந்தைய பத்திரங்கள் பலவற்றில் 'கிரேட் பிரிட்டன், அயர்லாந்து அரசியின் குடி' என்பதைத் தாண்டி ஒன்றுமிருக்காது. கப்பல் பட்டியலும் அப்படித்தான். 1907 முதல் சொந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதினார்கள். அந்த ஒரு கட்டம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. 'குவீன்ஸ்டவுன்' என்று எழுதியிருந்தால் அது பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கார்க் கவுண்டியின் துறைமுகம், இன்றைய பெயர் கோவ். தீவின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கேதான் கப்பலேறினார்கள். பேரப்பிள்ளைகள் நினைவில் கடைசியாக நின்ற பெயர் அதுவாக இருந்திருக்கும். 'கிங்ஸ் கவுண்டி' என்றால் இன்றைய ஆஃபலி, 'குவீன்ஸ் கவுண்டி' என்றால் இன்றைய லீஷ். இந்தப் பெயர் மாற்றம் தெரியாமல் தேடுகிறவர்களுக்கு வரைபடத்தில் இல்லாத ஊர்தான் கிடைக்கும்.

பஞ்சக்காலத்தில், அதாவது 1845க்கும் 1852க்கும் இடையில் வந்தவர்களுக்கு இந்தத் தாள்கள் அதிகம் உதவாது. உருளைக்கிழங்கு அழுகி, ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்து, அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறிய காலம் அது. அவர்களுக்கென்று இரண்டு அருமையான ஆவணத் தொகுப்புகள் உண்டு. முதலாவது நியூயார்க்கின் எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க், 1850இல் தொடங்கியது. கணக்கு வைத்திருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம், கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஆகவே வங்கிக்காரர்கள் அவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்களைக் கேட்டு ஒரு பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். எந்தக் கவுண்டி, எந்த ஊர், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தார், அப்பா அம்மா பெயர் என்ன, அவர்கள் இருக்கிறார்களா இல்லையா, உடன்பிறந்தவர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள். பணத்தைப் பாதுகாக்கக் கேட்ட கேள்விகள்தான், ஆனால் இன்று ஒரு குடும்பத்தின் வரலாறே அந்த நாலு வரியில் இருக்கிறது. வங்கியின் பேரேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன.

இரண்டாவது, பாஸ்டன் நகரின் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்கள். தம்பியைத் தேடும் அக்கா, கணவனைத் தேடும் மனைவி என்று ஏறக்குறைய 45,000 விளம்பரங்கள். சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டுமே என்று ஊர், பாரிஷ், புறப்பட்ட மாதம், கடைசியாகக் கூலி வேலை பார்த்த ரயில் பாதை வரை விவரமாக எழுதினார்கள். படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கும். உங்கள் ஆள் அதில் இல்லாவிட்டாலும், அதே குடும்பப்பெயரில் யார் எந்த ஊரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆஸ்திரேலியா போனவர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். விக்டோரியாவில் 1853 முதலும் நியூ சவுத் வேல்ஸில் 1856 முதலும் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டார்கள். கனடாவுக்குப் போனவர்களில் பலரின் பயணச் செலவைப் பண்ணையார்களே கொடுத்து ஆட்களை வெளியேற்றினார்கள். விக்லோ கவுண்டியின் கூலாட்டின் எஸ்டேட்டிலிருந்து மட்டும் 1847க்கும் 1856க்கும் இடையில் சுமார் 6,000 பேரைக் குடும்பம் குடும்பமாக அனுப்பினார்கள். அவர்கள் பெயர்கள் எழுதிய ஏடுகள் டப்ளினில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

சென்னையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் படைதான் பிற்பாடு மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் படைப்பிரிவாகப் பெயர் மாறியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் அயர்லாந்து வேர் இங்கே இருக்கலாம். மதராஸ் மாகாணத் திருச்சபைகளிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. நம் கால்டுவெல்லும் ஆன்ட்ரிம் கவுண்டியில் 1814இல் பிறந்தவர்தான்.

எரிந்தது எது, எரியாதது எது

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. இதைக் கேட்டவுடன் பலர் 'அயர்லாந்தில் ஒன்றுமே மிச்சமில்லையாமே' என்று தேடலையே கைவிடுகிறார்கள். போனது உண்மைதான்: 1821 முதல் 1851 வரையிலான நாலு கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல். 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசாங்கம் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாகப் போயின. இந்த நாலும் போனதற்கு நெருப்பு காரணமில்லை.

ஆனால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்) அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை, கோயில்களிலேயே இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிந்துவைத்த சிவில் பதிவுகளும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் என்பதால், உங்களுக்குத் தேவையானது தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் தேடித் தொகுத்து 2022 ஜூனில் தொடங்கிய 'வர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி' என்ற இலவசத் தளத்தையும் ஒரு முறை பாருங்கள்.

1901, 1911: ஊரிலேயே தங்கிவிட்டவர்கள்

இப்போது கடல் தாண்டலாம். உங்கள் ஆள் 1860இலேயே கப்பலேறியிருந்தாலும் 1901 கணக்கெடுப்பைப் பாருங்கள். போனவர் இருக்கமாட்டார், ஆனால் அவருடைய அண்ணனோ தங்கையோ அதே மண்ணில் கிழவராக உட்கார்ந்திருப்பார். இரண்டு கணக்கெடுப்புகளும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் முழுக்க இலவசம்.

பெயர்ப் படிவத்தோடு நிறுத்திவிடாமல் வீட்டுப் படிவத்தையும் திறந்து பாருங்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை கற்பலகையா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை சன்னல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்திருப்பார்கள். மண்சுவர், ஓர் அறை, ஒரு சன்னல், ஒன்பது பேர் என்ற வரியைப் பார்த்த பிறகு, அவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1911 கணக்கெடுப்பில், மணமான பெண்களிடம் கல்யாணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளை எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்றும் கேட்டார்கள்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1901இல் 56 என்றவர் 1911இல் 71 என்பார். பொய்யென்று முகம் சுளிக்க வேண்டாம். 1909இல் 70 வயதானவர்களுக்கு முதியோர் உதவித்தொகை வந்தது, பிறப்புச் சான்று அவர்களிடம் இல்லை. வயதை நிரூபிக்க அன்று எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத் தாள்கள் தப்பித்துவிட்டன. அசல் எரிந்துபோன ஒரு குடும்பத்தின் விவரம் அந்தத் தாளில் கிடைக்கக்கூடும்.

சிவில் பதிவு

1864 ஜனவரி 1 முதல் எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்பும் பதிவாக வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் 1845 ஏப்ரலிலிருந்தே உண்டு. 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். இன்றைய வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள பதிவு அலுவலகத் தளத்தில் கட்டணம் உண்டு.

பிறப்புப் பதிவில் டவுன்லேண்டும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். திருமணப் பதிவில் இரண்டு தகப்பன்மார் பெயரும் தொழிலும் இருக்கும், தாய்மார் பெயர் இருக்காது. பிறந்த தேதிக்கு முந்தைய தேதியில் ஞானஸ்நானம் நடந்ததாக இருந்தால் குழம்ப வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தகப்பன் பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லியிருப்பார். கோயில் தேதியை நம்புங்கள்.

பங்குப் பதிவேடு: இங்கே நிதானமாக இருங்கள்

1864க்கு முன்னால் போக இதுதான் வாசல். 1,000க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை, ஏறக்குறைய 1880 வரை, தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. தளத்தில் உள்ளவை வெறும் படங்கள்தான். பெயர் அட்டவணை வேண்டுமானால் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளங்கள் இரண்டிலும் தேடலாம். கத்தோலிக்கப் பங்கும் சிவில் பாரிஷும் ஒன்றல்ல, எல்லையும் பெயரும் மாறும். டவுன்லேண்ட் எந்தப் பங்கில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கம் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். மை பரவியிருக்கும், ஓரம் நைந்திருக்கும். ஆனாலும் எல்லா வரியும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கும்: தேதி, குழந்தை, 'பேட்ரிஷி எட் ஹொனோரே' என்று தகப்பனும் தாயும், கடைசியில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் இருவர். பேட்ரிஷியஸ் என்றால் பேட்ரிக், ஜாகோபஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்மஸ் என்றால் வில்லியம், ஹொனோரா என்றால் நோரா. ஊரில் பிரிஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவள் அமெரிக்காவில் டீலியா ஆகியிருப்பாள். குடும்பப்பெயரில் 'ஓ', 'மக்' இரண்டையும் 19ஆம் நூற்றாண்டில் பலர் விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் சிலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஓ'சல்லிவனைச் சல்லிவன் என்றும் தேடுங்கள்.

எல்லோரும் தாண்டிப் போகும் ஞானப்பெற்றோர் பெயர்களை நான் விடாமல் எழுதிக்கொள்வேன். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பாதான். அந்தப் பெயர்கள் கப்பல் பட்டியலிலோ வங்கிப் பேரேட்டிலோ மறுபடி தலைகாட்டினால், சரியான குடும்பத்தில்தான் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெயர் வைக்கும் வழக்கமும் துணைக்கு வரும். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். பெயரனைத்தான் நாம் பேரன் என்கிறோம், நமக்கு இது புதிதில்லை. எல்லா வீட்டிலும் கண்டிப்பாகப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. இதை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக வைக்காதீர்கள்.

மரபணுச் சோதனை செய்திருந்தால், பொருந்தும் உறவினர்கள் சொல்லும் பாரிஷ் பெயர்களை இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். தாள் எதுவும் இல்லாமல் சோதனையை மட்டும் நம்பினால் ஊர் வரை போக முடியாது.

நிலமும் வரைபடமும்

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை, வரி போடுவதற்காகத் தீவு முழுவதையும் வீடு வீடாக, வயல் வயலாக மதிப்பிட்டார்கள். எரிந்த கணக்கெடுப்புகளின் இடத்தில் நமக்கு இருப்பது இந்த 'கிரிஃபித் மதிப்பீடு'தான். 'ஆஸ்க் அபௌட் அயர்லாந்து' தளத்தில் இலவசம். குடியிருப்பவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள். பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு. ஒரே டவுன்லேண்டில் இரண்டு பேட்ரிக் மர்ஃபி இருந்தால் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரைச் சேர்த்துப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அந்த அடைப்புக்குறி ஒரு தலைமுறையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடும். இதற்கும் முன்னால் போக திருச்சபைக்குக் கட்டிய வரியைக் குறித்த, 1823 முதல் 1837 வரையிலான தசமபாக ஏடுகள் இருக்கின்றன.

முதல் கட்டத்திலுள்ள எண்ணைக் கவனியுங்கள். அது வரைபடத்திலுள்ள வயலின் எண். அதோடு ஒரு சின்ன எழுத்தும் இருந்தால் அது வீடு. அதே தளத்தில் வரைபடம் இணைந்திருக்கிறது, இன்றைய வரைபடத்தின் மேல் அதை வைத்துப் பார்க்கலாம். எந்த வளைவில், எந்த ஓடைக்கரையில் அந்த வீடு நின்றது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

கடைசிப் படி, திருத்த ஏடுகள். மதிப்பீடு முடிந்த பிறகும் அதிகாரிகள் அவ்வப்போது வந்து, நிலம் கைமாறியிருந்தால் பழைய பெயரை அடித்துப் புதுப்பெயர் எழுதிப் பக்கத்தில் ஆண்டைக் குறித்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிறத்தில் மை. தெற்குக்கு இவை டப்ளினில் மதிப்பீட்டு அலுவலகம் பராமரித்த ஏடுகள், வடக்குக்கு பெல்ஃபாஸ்டின் பொது ஆவணக் காப்பகத் தளத்தில் படங்களாகவே உள்ளன. உங்கள் ஆளின் பெயர் அடிபட்ட ஆண்டையும் கப்பல் பட்டியலில் அவர் ஏறிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அதே வரியில் அடுத்து வந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே படித்து வாருங்கள். தம்பி, தம்பி மகன், 1911 கணக்கெடுப்பில் அந்தச் சன்னல்கள் எண்ணப்பட்ட வீட்டில் இருந்தவர். அந்தக் கடைசிப் பெயரையும் டவுன்லேண்டையும் குறிப்பிட்டு அந்தப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த நிலத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லக்கூடும்.